சுவரில் படரும் கருமைக்கு யார் பொறுப்பு?

ஒக்லாந்து மாநகரின் தென்மேற்கே, மனுக்காவ் குடாவின் வடகரையில் அமைந்திருக்கும் பிளாக்ஹவுஸ் பேயில் எம்மவர் குடும்பங்கள் பல குடியேறி வாழ்ந்து வருகின்றன. கடந்த குளிர்காலத்தில் அங்குள்ள ஒரு வாடகை வீட்டிற்கு எமது குழுவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் சென்றிருந்தார். பிள்ளையின் தமிழ்ப் பள்ளி வரவு குறைந்தமை குறித்து விசாரிப்பதே அவர் சென்றதன் நோக்கம். ஐந்து வயதுச் சிறுவனுக்கு இரவில் முட்டு. மூன்று மாதங்களில் இரண்டு தடவை மருத்துவமனை. அவன் படுக்கும் அறையின் தெற்குச் சுவர் மூலையில், அலுமாரிக்குப் பின்னால், நிலத்திலிருந்து இடுப்பளவு உயரத்திற்குக் கரும்புள்ளிகள் படர்ந்திருந்தன. "ஒவ்வொரு கிழமையும் துடைக்கிறன் அக்கா, திரும்பத் திரும்ப வருது" என்று தாயார் கூறியிருக்கின்றார்.

வீட்டு உரிமையாளரின் முகவருக்கு அவர்கள் அறிவிக்காமல் இல்லை. முகவர் வந்து பார்த்துவிட்டு, சமையலறையை எட்டிப் பார்த்து, நீங்கள் அதிகம் சமைக்கின்றீர்கள், யன்னலைத் திறப்பதில்லை என்று சொல்லிச் சென்றுவிட்டார். அதன் பின்னர் தகப்பனார் சில நூறு டொலர்களைத் தமது பையிலிருந்து கொடுத்து, பூஞ்சணப் பரிசோதனை செய்யும் ஒருவரை அழைத்தார். வந்தவர் சிறிய காற்றுப் பம்பி ஒன்றை அறையின் நடுவே வைத்துச் சில நிமிடங்கள் இயக்கினார். வெளியேயும் அவ்வாறே செய்தார். பத்து நாட்களின் பின் ஆய்வுகூட அறிக்கை வந்தது. கிளடோஸ்போரியம், பெனிசிலியம், அஸ்பேர்ஜிலஸ் என்ற பெயர்களும் அவற்றிற்கு எதிரே எண்களும் அதில் இருந்தன. வெளிக்காற்றை விட உள்ளே சில வகைகள் கூடுதல், சில வகைகள் குறைவு. அதற்கு மேல் அந்த அறிக்கை எதையும் சொல்லவில்லை. கருமை எங்கிருந்து வருகின்றது என்பதற்கு அதில் விடையில்லை. வீட்டின் அடித்தளத்தை எவரும் குனிந்து பார்க்கவில்லை.

பின்னர் தச்சுத் தொழில் தெரிந்த உறவினர் ஒருவர் பலகைத் தரையின் கீழே கைவிளக்குடன் தவழ்ந்து சென்று பார்த்தபோது, குளியலறைக் கழிவுநீர்க் குழாயின் இணைப்பு விலகி, களிமண் தரை சேறாகக் கிடந்தது. எந்த ஆய்வுகூடமும் இல்லாமல், ஒரு கைவிளக்கின் ஒளியில், அரை மணி நேரத்தில் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது.

இது ஒரு குடும்பத்தின் கதையாக மட்டும் இருந்திருப்பின் இவ்விடத்தில் எழுதத் தேவை ஏற்பட்டிராது. நியூசிலாந்தின் 2018 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே, வீடுகளின் ஈரலிப்புக் குறித்தும் பூஞ்சணம் குறித்தும் முதன்முறையாக வினவப்பட்டது. 3,18,891 வீடுகள், அதாவது நூற்றுக்கு 21.5 வீதமானவை, ஈரலிப்பானவை எனக் குடியிருந்தோரே தெரிவித்தனர். ஏ4 தாளை விடப் பெரிய பூஞ்சணப் படர்ச்சி சில வேளைகளிலேனும் காணப்படும் வீடுகள் 2,52,855; இது நூற்றுக்கு 16.9 வீதம். ஆறு வீடுகளில் ஒன்று என்று கொள்ளலாம். ஆகவே, இது எமது சமையலினால் மட்டும் விளைந்த துன்பம் அல்ல. பருப்பும் மீன்குழம்பும் அறியாத வீடுகளிலும் அதே கருமை படர்கின்றது.

இந்நாட்டின் வீடுகள் ஏன் இவ்வாறு இருக்கின்றன என்பதைப் புதிதாக வந்தோர் அறிந்துகொள்ளுதல் நலம். புதிய வீடுகளுக்கு வெப்பக்காப்பு இட வேண்டும் என்ற கட்டாயம் 1978 ஆம் ஆண்டிலேயே வந்தது. பிளாக்ஹவுஸ் பேயின் வீடுகளிற் பெரும்பகுதி அதற்கு முந்தியவை. இரண்டாம் உலகப் போரின் பின்னரான பத்தாண்டுகளில், மரத்தூண்களின் மேல் பலகையால் எழுப்பப்பட்டவை. தரைக்குக் கீழே வெறும் களிமண். மழைக்காலத்தில் அந்தக் களிமண் மாதக்கணக்கில் உலருவதில்லை.

அத்துடன் இன்னொன்றையும் எம்மவர் பலர் கவனிப்பதில்லை. ஊரில் தெற்கு என்றால் எமக்குத் தென்றல். தெற்கு யன்னலைத் திறந்து வைப்பது சுகம். இங்கே சூரியன் வடக்கு வானத்தில் செல்கின்றது. தெற்கிலிருந்து வருவது பனிக்கடலின் குளிர்காற்று. பிளாக்ஹவுஸ் பேயின் சரிவுகள் கடலை நோக்கித் தெற்கே இறங்குகின்றன. கடற்காட்சிக்காக விலை கூட்டிச் சொல்லப்படும் அந்த வீடுகளிற் பலவற்றின் தெற்கு அறைகள் குளிர்காலம் முழுவதும் ஒரு நாழிகையேனும் வெயில் காண்பதில்லை. பெரும்பாலும் அந்த அறைகளே பிள்ளைகளின் படுக்கையறைகளாகி விடுகின்றன, ஏனெனில் வெயில் விழும் அறை வரவேற்பறையாகி விடுகின்றது!

பூஞ்சணம் வளர்வதற்குச் சுவரில் நீர் வழிய வேண்டியதில்லை. சுவரின் மேற்பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 80 அளவில் சில நாட்கள் நிலைத்தாலே போதுமானது. அறையின் நடுவே 20 பாகை வெப்பமும் 60 வீத ஈரப்பதனும் இருக்கின்றன என வைத்துக்கொள்வோம். இது எவருக்கும் சுகமான நிலையே. ஆனால் அதே காற்று 15 பாகையில் இருக்கும் சுவர் மூலையைத் தொடும்போது அதன் ஈரப்பதன் 80 ஐத் தாண்டி விடுகின்றது. 12 பாகையில் உள்ள கண்ணாடியில் அது நீராகவே படிகின்றது. அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அதன் பின்புறம் அறையின் வெப்பத்தைப் பெறாமல் மேலும் குளிர்கின்றது. கருமை அங்கிருந்தே தொடங்குவதன் காரணம் இதுவே.

சரி, அந்த ஈரம் எங்கிருந்து வருகின்றது? இங்கேதான் முகவரின் குற்றச்சாட்டை எடைபோட்டுப் பார்க்க வேண்டியுள்ளது. இந்நாட்டின் கட்டட ஆய்வு நிறுவனமான பிரான்ஸ் வெளியிட்டு வந்துள்ள கணக்கின்படி, ஒரு குடும்பத்தின் நாளாந்தச் சமையல் ஏறத்தாழ 3 லீற்றர் நீரைக் காற்றிற் சேர்க்கின்றது. ஒருவரின் குளிப்பு நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர். ஒரு தடவை தோய்த்த துணிகளை வீட்டினுள் உலர்த்தினால் 5 லீற்றர். புகைபோக்கி இல்லாத வாயு அடுப்பினால் அறையைச் சூடாக்கினால் மணித்தியாலத்திற்கு ஒரு லீற்றர் வரை. இவையெல்லாம் குடியிருப்போரின் செயல்களே, மறுப்பதற்கில்லை. ஆனால் 100 சதுர மீற்றர் பரப்புள்ள வீட்டின் கீழுள்ள மூடப்படாத ஈரமண் ஒரு நாளில் 40 லீற்றர் வரை நீராவியை மேலே அனுப்பக்கூடும் என அதே நிறுவனம் கூறுகின்றது. மூன்று லீற்றரைச் சுட்டிக்காட்டி நாற்பது லீற்றரை மறைப்பதை நாம் எவ்வாறு ஏற்றுக்கொள்வது? புட்டு அவிக்கும் பானையின் மூடியைக் குறை கூறும் முகவர், தரைக்கதவைத் திறந்து பார்க்கவேனும் கடமைப்பட்டவர்.

புலம்பெயர்ந்தோரின் வாழ்க்கை முறையே காரணம் என்ற பேச்சு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இங்கிலாந்தின் ரொச்டேல் நகரம் சாட்சி. சூடானிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளையான அவாப் இஷாக், இரண்டு வயது நிறைந்த சில நாட்களில், 2020 டிசம்பரில் உயிரிழந்தான். தந்தை 2017 ஆம் ஆண்டிலிருந்தே பூஞ்சணம் குறித்து முறையிட்டு வந்தார்; மேலே வர்ணம் பூசும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. வீட்டிலே நீண்ட காலம் பூஞ்சணத்திற்கு உட்பட்டமையே அச்சிறுவனின் சுவாச நோய்க்கும் மரணத்திற்கும் காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி ஜோஆன் கியர்ஸ்லி தீர்ப்பளித்தார். குடும்பத்தின் குளிக்கும் பழக்கம் முதலியன குறித்துத் தாம் தவறான அனுமானங்கள் கொண்டிருந்ததாக வீட்டுச் சங்கம் பின்னர் ஒப்புக்கொண்டது. அச்சிறுவனின் பெயரால் அழைக்கப்படும் சட்டம் 2023 ஆம் ஆண்டில் நிறைவேறி, சமூக வீடுகளுக்கு 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இலண்டனிலும் பிற நகரங்களிலும் அத்தகைய வீடுகளில் வாழும் எம்மவர்க்கும் அது பொருந்தும்.

ஒக்லாந்துக்கும் இத்தகைய துயரம் புதிதன்று. தெற்கு ஒக்லாந்தின் ஒற்றாரா பகுதியில் அரச வீடொன்றில் வாழ்ந்த எம்மா-லீற்றா போர்ன் என்ற இரண்டு வயதுச் சிறுமி 2014 ஆகஸ்டில் இறந்தாள். குளிர்ந்த, ஈரலிப்பான அவ்வீட்டின் நிலை அவளது நோய்க்குத் துணைபோயிருக்கக்கூடும் என்பதை ஒதுக்கிவிட முடியாது என மரண விசாரணை அதிகாரி பிரான்ட் ஷோர்ட்லண்ட் 2015 இல் எழுதினார். நாட்டின் வாடகை வீடுகள் பற்றிய விவாதம் அதன் பின்னர் முன்பிருந்தது போல் இருக்கவில்லை.

இனிப் பரிசோதனையின் விடயத்திற்கு வருவோம். தொழில்முறையிலான பரிசோதனையே வேண்டாம் என்பது எமது நிலைப்பாடு அல்ல. ஆனால், அப்பெயரில் இரு வேறு பணிகள் விற்கப்படுகின்றன. அவற்றை வேறுபடுத்தி அறியாத பெற்றோர், பிள்ளையின் மீதுள்ள அச்சத்தினால், தேவையற்றதற்குப் பணம் செலுத்தி விடுகின்றனர்.

ஒன்று, வீட்டைப் பார்வையிடுதல். ஈரமானியைச் சுவரிலும் சட்டத்திலும் வைத்துப் பார்ப்பது, வெப்பப் படக் கருவியால் குளிர்ந்த இடங்களையும் கசிவுகளையும் தேடுவது, கூரையின் உட்புறம் ஏறுவது, தரையின் கீழ் தவழ்வது, பீலிகளும் மழைநீர்க் குழாய்களும் எங்கே முடிகின்றன எனப் பார்ப்பது, குளியலறை விசிறியின் குழாய் வெளியே செல்கின்றதா அன்றிக் கூரைக்குள்ளேயே ஈரத்தைக் கொட்டுகின்றதா எனச் சோதிப்பது ஆகிய யாவும் இதில் அடங்கும். இது நீரின் ஊற்றைத் தேடும் வேலை. இதைச் செம்மையாகச் செய்பவர் கேட்கும் கூலி வீண்போவதில்லை.

மற்றையது, காற்றையும் தூசியையும் எடுத்து ஆய்வுகூடத்திற்கு அனுப்புதல். வழமையாகப் பம்பி நிமிடத்திற்கு 15 லீற்றர் வீதம் ஐந்து நிமிடங்கள் காற்றை உறிஞ்சும். ஒட்டும் தகட்டில் படிந்த வித்திகளை நுணுக்குக்காட்டியில் எண்ணுவர். அந்த 75 லீற்றர் காற்று அந்த ஐந்து நிமிடங்களின் நிலையை மட்டுமே சொல்லும். சற்று முன்னர் ஒரு பிள்ளை கம்பளத்தில் ஓடியிருந்தாலும், கதவு திறந்திருந்தாலும் எண் மாறும். பெனிசிலியத்தின் வித்தியையும் அஸ்பேர்ஜிலஸின் வித்தியையும் அவ்வாறு பார்த்துப் பிரித்தறிய இயலாமையால் இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகின்றனர். எல்லாவற்றிற்கும் மேலாக, எத்தனை வித்திகள் இருந்தால் ஆபத்து, எத்தனை இருந்தால் இல்லை என்பதற்கு எல்லை வகுக்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி அவ்வாறான எண்ணெல்லை எதையும் விதிக்கவில்லை; ஈரலிப்பையும் பூஞ்சணத்தையும் தடுத்தலும் நீக்குதலுமே வழி என்றது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் வழமையான பூஞ்சணப் பரிசோதனையைப் பரிந்துரைப்பதில்லை. எந்த வகையாயினும் அகற்றத்தான் வேண்டும் என்பதே அதன் காரணம்.

இவ்விடயத்தில் நியூசிலாந்திலேயே செய்யப்பட்ட ஆய்வொன்று பெற்றோர் அறிய வேண்டியது. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் கரோலைன் ஷோர்ட்டரும் அவருடன் பணியாற்றியோரும், புதிதாக இழுப்பு ஏற்பட்ட, ஒரு வயது முதல் ஏழு வயது வரையான 150 பிள்ளைகளின் வீடுகளையும், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஈடாக இழுப்பே வந்திராத இரு பிள்ளைகளின் வீடுகளையும் ஒப்பிட்டனர். ஆய்வு 2018 இல் வெளிவந்தது. கண்ணாற் கண்ட பூஞ்சணமும் மூக்கால் நுகர்ந்த பூஞ்சண நெடியும் பிள்ளையின் இழுப்புடன் தெளிவான தொடர்பு காட்டின. படர்ச்சி கூடக் கூடத் தொடர்பும் கூடியது. ஆனால் துணியிற் படிந்த நுண்ணுயிர்களை மரபணு முறையில் எண்ணிய ஆய்வுகூட அளவுகள் இழுப்புடன் தொடர்பு காட்டவில்லை. ஒரு தாயின் கண்ணும் மூக்கும் சொன்னதை விலையுயர்ந்த அளவீடு சொல்லவில்லை என்பதே இதன் பொருள். "துடைக்கத் துடைக்க வருகின்றது" என்று ஒரு தாய் கூறும்போது, அதற்கு அறிக்கை கேட்பவர்களிடம் இந்த ஆய்வைக் காட்டலாம்.

பரிசோதனைத் தொழில் அச்சத்தின் மேல் எவ்வாறு வளரும் என்பதையும் இந்நாடு ஒருமுறை பார்த்திருக்கின்றது. வீடுகளிற் படிந்த மெத்தம்பெற்றமின் எச்சம் குறித்த பீதியால் வாடகையாளர் பலர் அரச வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். சோதிப்போரும் சுத்திகரிப்போரும் பெருகினர். 2018 மே மாதத்தில் பிரதமரின் தலைமை அறிவியல் ஆலோசகர் பீற்றர் குளுக்மன், அப்போதை பிறர் புகைத்ததால் எஞ்சிய படிவு எவரது உடல்நலத்தையும் பாதித்ததற்குச் சான்றில்லை என அறிக்கையிட்டார். அதே ஆண்டு அரச வீடமைப்பு நிறுவனம் மன்னிப்புக் கோரியது. பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 800 வாடகையாளர். பூஞ்சணம் அவ்வாறான வெற்றுப் பீதி அல்ல, அது மெய்யான தீங்கு. ஆயினும் எண்களை விற்பவர் எப்பொழுதும் எமது நலனுக்காக மட்டும் விற்பதில்லை என்பதற்கு அந்நிகழ்வு போதுமானது. வீட்டைப் பரிசோதிக்கும் தொழிலைத் தொடங்கத் தனியான அரச உரிமம் இங்கே கேட்கப்படுவதில்லை என்பதையும், பரிசோதிப்பவரே அகற்றும் வேலையையும் விற்பாராயின் அவரது முடிவு எப்பக்கம் சாயும் என்பதையும் வாசகர் சிந்திக்கவும்.

ஆய்வுகூடச் சோதனை பயன்படும் வேளைகளும் உண்டு. வெள்ளத்தின் பின் சுத்திகரிப்பு முறையாக முடிந்ததா என்பதில் பிணக்கு எழும்போது, சுவருக்குள் மறைந்திருக்கும் நெடிக்குக் காரணம் தெரியாதபோது, புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றிய ஒருவர் வீட்டில் இருந்து மருத்துவர் கேட்கும்போது அதைச் செய்யலாம். 2023 ஜனவரி 27 இல் ஒக்லாந்தை மூழ்கடித்த மழையின் பின்னர், சுவர்ப் பலகையைக் கழற்றி உள்ளே உலர்த்தாமலே வர்ணம் பூசிய வீடுகள் சில இருக்கக்கூடும். அவற்றை வாடகைக்கோ விலைக்கோ எடுப்போர் அந்த நாள் பற்றி வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

வீடு வாங்கும் எம்மவர்க்கோ வேறொரு எச்சரிக்கை தேவை. 1990 களின் நடுப்பகுதி முதல் 2004 வரை பதப்படுத்தாத பைன் மரச் சட்டத்தின் மேல், கூரை நீட்டம் இன்றி, பூச்சு மேனியுடன் கட்டப்பட்ட வீடுகள் நாடெங்கும் உள்ளே அழுகின. 2009 ஆம் ஆண்டு மதிப்பீடொன்று இவ்வாறு பாதிக்கப்பட்ட வீடுகளை ஏறத்தாழ 42,000 எனவும் செலவை 11.3 பில்லியன் டொலர் எனவும் கூறியது. பத்தாண்டு கால எல்லை கடந்துவிட்டமையால், அவ்வாறான வீட்டை இன்று வாங்குபவர் கட்டியவர் மீதோ மாநகர சபை மீதோ வழக்குத் தொடுக்க வழியில்லை. ஏலத்திற்கு முன்னர் வழமையான கட்டட அறிக்கை பெற்றோம் என நிறைவு கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே பார்க்கும். சுவரைத் துளைத்து மரத்தின் ஈரத்தை அளப்பதற்கு விற்பவர் இணங்க மறுத்தால், அம்மறுப்பே ஓர் அறிக்கைதான்.

வாடகைக்கு இருப்போர் நிலை இதனிலும் தெளிவானது. சட்டம் அவர்கள் பக்கம் இருக்கின்றது. ஆனால் அவர்கள் அதைக் கையிலெடுப்பதில்லை. வீடு ஈரலிப்பற்று இருத்தல் வேண்டும் என 1947 ஆம் ஆண்டு வீட்டு மேம்பாட்டு விதிகளே கூறின. 2019 ஜூலை 1 இல் நடைமுறைக்கு வந்த ஆரோக்கிய வீட்டு நியமங்கள், பிரதான அறையை 18 பாகைக்குச் சூடாக்கவல்ல நிலையான வெப்பமூட்டி, கூரைக்கும் தரைக்கும் வெப்பக்காப்பு, சமையலறையிலும் குளியலறையிலும் வெளியே காற்றைத் தள்ளும் விசிறி, முறையான நீர்வடிகால், மூடிய அடித்தளத்தில் மண்ணின் மேல் ஈரத்தடுப்பு விரிப்பு, குளிர்காற்று நுழையும் இடைவெளிகளின் அடைப்பு ஆகியவற்றைக் கேட்கின்றன. தனியார் வாடகை வீடுகள் யாவும் 2025 ஜூலை 1 இற்குள் இவற்றிற்கு இணங்கியிருக்க வேண்டும். அத்தேதி கடந்துவிட்டது. இணங்கியமைக்கான ஆவணங்களை வாடகையாளர் எழுத்தில் கேட்டால் 21 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். குறையைத் திருத்த 14 நாள் அறிவித்தல் அனுப்பலாம்; திருத்தாவிடில் வாடகைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். நியமங்களை மீறியமைக்கு 7,200 டொலர் வரை தண்டம் விதிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

அப்படியாயின் ஏன் எம்மவர் வாய் திறப்பதில்லை? அச்சம் முதற் காரணம். 2025 ஜனவரி 30 முதல், காரணம் கூறாமலே 90 நாள் அறிவித்தலுடன் குடியெழுப்பும் உரிமை உரிமையாளருக்கு மீண்டும் கிடைத்துள்ளது. முறையிட்டதற்குப் பழிவாங்கும் வகையில் அவ்வாறு அறிவித்தல் விடுதல் சட்டவிரோதம் எனினும், அதை நிரூபிக்கும் சுமை ஒரு குடும்பத்தின் மேல் விழுகின்றது. இந்த அச்சத்தை நாம் இலேசாகக் கருதவில்லை. பிள்ளையின் பாடசாலை, நடைதூரத்தில் உள்ள உறவினர், தந்தையின் இரவு வேலை எல்லாம் அந்த ஒரு வீட்டுடன் பிணைந்திருக்கின்றன.

இரண்டாவது காரணம் எமக்குள்ளே இருப்பது. வன்னியிலும் முகாம்களிலும் தறப்பாள் கூடாரங்களின் கீழ் மழையைக் கழித்தவர்களுக்குச் சுவர் மூலையின் கருமை ஒரு துன்பமாகவே தோன்றுவதில்லை. "இதெல்லாம் ஒரு கஷ்டமே" என்று அவர்கள் சொல்லும்போது எமக்கு மறுமொழி வருவதில்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகளின் நுரையீரல் அந்த ஒப்பீட்டை அறியாது.

இன்னொரு கசப்பான விடயத்தையும் சொல்லாமல் விட்டால் இத்தலையங்கம் நேர்மையற்றதாகும். எம்மவரில் இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்போர் இன்று பலர். புதிதாக வந்த மாணவருக்கும் இளம் குடும்பங்களுக்கும் அவர்கள் வீடு கொடுக்கின்றனர். ஊரவர் என்ற உரிமையில் எழுத்தில் ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. "தம்பி, கொஞ்சம் துடைச்சு விடும்" என்று அண்ணன் முறையில் சொல்லிவிட்டால் நியமங்கள் நிறைவேறி விடுவதில்லை. அந்த இளைஞன் உறவுமுறைக்கு மதிப்பளித்து மௌனமாக இருப்பான். வேற்றின முகவரிடம் நாம் எதிர்பார்ப்பதை எம்மவரிடமும் எதிர்பார்க்க எமக்கு உரிமை உண்டு. வெட்கப்பட வேண்டியவர் கேட்பவர் அல்லர்.

வீட்டினுள் எமது பங்கும் உண்டு. யாழ்ப்பாணத்தில் நடுமுற்றமும் சுவருக்கு மேல் காற்றுத் துளையும் இருந்தன. தைப்பொங்கலுக்கு முன்னர் வெள்ளையடித்த சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் வளர்வதில்லை. அங்கே வீடு தானாகச் சுவாசித்தது. இங்கே நாம்தான் அதற்குச் சுவாசம் கொடுக்க வேண்டியுள்ளது. காலையில் பத்து நிமிடம் எதிரெதிர் யன்னல்களைத் திறத்தல், இடியப்பம் அவிக்கையில் விசிறியை இயக்குதல், துணிகளைப் படுக்கையறையில் உலர்த்தாதிருத்தல், புகைபோக்கியற்ற வாயு வெப்பமூட்டியைக் கைவிடுதல், அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு கையளவு விலக்கி வைத்தல் ஆகியவை செலவற்றவை. வெளுப்பு நீர் தெளித்துத் துடைத்தால் நிறம் போகும், ஈரம் போகாது. பூஞ்சணத்தைத் துடைக்கையில் முகக்கவசம் அணியுங்கள். முட்டு உள்ள பிள்ளையை அவ்வறையில் வைத்திருக்காதீர்கள்.

இளையோரிடம் ஒரு வேண்டுகோள். பெற்றோரின் கடிதங்களை மொழிபெயர்ப்பதில் உங்களிற் பலர் களைத்துப் போயிருப்பீர்கள் என்பதை அறிவோம். ஆயினும் இந்த வேலை உங்கள் தம்பி தங்கையரின் மூச்சோடு சம்பந்தப்பட்டது. இருபது டொலருக்குள் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கிப் படுக்கையறையில் வைத்து, காலையும் இரவும் வெப்பத்தையும் ஈரப்பதனையும் இரு வாரங்களுக்குக் குறித்து வையுங்கள். ஒக்லாந்து நூலகங்கள் வீட்டு வெப்பத்தைச் சோதிக்கும் கருவிப் பெட்டிகளை இரவலாகக் கொடுத்து வந்துள்ளன. உங்கள் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கருமையின் அருகே ஏ4 தாளொன்றை வைத்துத் திகதியுடன் படம் எடுங்கள். தரைக்கதவு இருந்தால் திறந்து, மண்ணின் மேல் கறுப்பு விரிப்பு உள்ளதா எனப் பாருங்கள். உள்ளே தவழ வேண்டாம், பழைய மின்கம்பிகள் இருக்கக்கூடும். பிள்ளை மருத்துவமனை சென்ற நாட்களையும் எழுதுங்கள். இத்தனையும் சேர்ந்தால் அதுவே தீர்ப்பாயம் மதிக்கும் பரிசோதனை அறிக்கைக்கு வெகு அருகில் வந்துவிடும். அதன் பின்னரும் காரணம் தெரியாவிடில், நீரின் ஊற்றைத் தேடும் பரிசோதகரை அழையுங்கள்; கட்டணத்தை முதலில் உரிமையாளரிடம் கேளுங்கள். முட்டினால் பிள்ளை மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டிருந்தால், 2013 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஆரோக்கிய வீட்டுத் திட்டத்திற்குப் பரிந்துரைக்கும்படி குடும்ப மருத்துவரிடம் கேட்கவும். தகுதியுள்ள வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் படுக்கை, திரைச்சீலை, வெப்பமூட்டி வரை உதவி கிடைக்கும்.

பிளாக்ஹவுஸ் பேயின் அந்தக் குடும்பம் 14 நாள் அறிவித்தலை எழுதியது. கடிதத்தை வரைந்தவள் பதினைந்து வயதான மூத்த மகள். சமையலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. விலகிய குழாயின் படம், சேற்றின் படம், இரு வாரக் குறிப்பு, 2025 ஜூலை 1 என்ற தேதி ஆகியவை மட்டும் இருந்தன. பன்னிரண்டாம் நாள் குழாய் திருத்துபவர் வந்தார். விரிப்பு அடுத்த மாதம் இடப்பட்டது. ஆய்வுகூட அறிக்கைக்குக் கொடுத்த பணத்தை உரிமையாளர் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைக் கேட்டுத் தீர்ப்பாயம் செல்வதா இல்லையா என்பதைக் குடும்பம் இன்னமும் முடிவு செய்யவில்லை.